ஷெரிஃப் தேர்தல்: ட்யூட்டி முடிந்த டெபுடியின் இடுப்பில் துப்பாக்கி இருக்கலாமா?

பைன்மரத்தடி:
வட கரோலினாவில் இருக்கிறேன். குடியுரிமை வாங்கியபின் எனக்கு வரும் முதல் ஷெரிஃப் தேர்தல் இந்த நவம்பரில். கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) பெயர் வேண்டாம். இங்கே நூறு கவுண்டி, நூறு ஷெரிஃப், அவர்கள் கீழே வேலை பார்க்கும் போலீஸ்தான் டெபுடி. கேள்வி எல்லா இடத்துக்கும் ஒன்றுதான்.

போன வாரம் நூலகத்தில் வேட்பாளர்கள் கூட்டம் நடந்தது. இரண்டு கட்சி ஆட்கள், ஒரு சுயேச்சை. சிறையில் இருப்பவர்களைக் குடியேற்றத் துறையிடம் ஒப்படைப்பது பற்றியே முக்கால்வாசி நேரம் போய்விட்டது. கடைசியில் ஒரு அம்மா எழுந்து கேட்டார்: "ட்யூட்டி முடிந்த டெபுடிகள் மஃப்டியில் துப்பாக்கியோடு ஹோட்டலுக்கும் பூங்காவுக்கும் வருகிறார்கள். யார் போலீஸ், யார் வேறு ஆள் என்று எனக்கு எப்படித் தெரியும்? உங்கள் கொள்கை என்ன?"

முதல் ஆள், "என் டெபுடி 24 மணி நேரமும் டெபுடிதான், துப்பாக்கி இல்லாமல் வெளியே போகக் கூடாது என்றே உத்தரவு போடுவேன்" என்றார். அடுத்தவர் அது அவரவர் விருப்பம் என்று முடித்துக்கொண்டார். சுயேச்சை, "நான் வந்தால் இதற்குக் கட்டுப்பாடு வரும்" என்று சொல்லி நல்ல கைதட்டல் வாங்கினார். எப்படி வரும் என்று மட்டும் சொல்லவில்லை.

மூன்றுமே எனக்குத் திருப்தியாக இல்லை. உங்கள் பக்கம் எப்படி?

உறையூர்வாசி:
ஊரில் இருந்துகொண்டு கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். சென்னையில் ஒரு காலத்தில் ஷெரீப் என்று ஒரு பதவி இருந்தது. மும்பை, கொல்கத்தாவில் இன்னும் உண்டு. பெரிய மனிதர் யாரையாவது நியமிப்பார்கள், விழாவுக்கு வந்து மாலை வாங்கிக்கொள்வார். அங்கே அந்த ஆளே போலீஸ் தலைவரா? அதுவும் ஓட்டுக் கேட்டு ஜெயித்து? இங்கே எஸ்.பி. பதவிக்குத் தேர்தல் வைத்தால் என்று நினைத்தாலே பகீர் என்கிறது.

எடிசன்வாசி:
உறையூர் அண்ணே, மாநிலத்துக்கு மாநிலம் வேறு வேறு. எங்கள் நியூ ஜெர்சியில் ஷெரிஃபுக்கு மூன்று வருடப் பதவிக்காலம். கோர்ட் பாதுகாப்பு, கைதிகளைக் கூட்டிப்போவது, சம்மன் கொடுப்பது, கடன் கட்டாத வீட்டை ஏலம் விடுவது, பெரும்பாலும் இதுதான் வேலை. வீடு வாங்க அலைந்தவர்களுக்கு 'ஷெரிஃப் ஏலம்' நன்றாகவே தெரியும். மாசசூசெட்ஸில் ஆறு வருடம். கனெக்டிகட்டில் 2000ல் மக்களே ஓட்டுப் போட்டுப் பதவியை ஒழித்தார்கள். அலாஸ்காவில் கவுண்டியே கிடையாது. ஆனால் தெற்கிலும் மேற்கிலும் ஷெரிஃப் என்றால் ரோந்து, புலனாய்வு, சிறை மூன்றும் ஒரே கையில்.

இப்போது பைன்மரத்தடியின் கேள்வி. மூன்று வேட்பாளர்களும் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் மழுப்பியிருக்கிறார்கள். ட்யூட்டி இல்லாத போலீஸ் மறைத்து வைத்துத் துப்பாக்கி எடுத்துப் போகலாமா என்பதை முடிவு செய்யும் அதிகாரம் ஷெரிஃபிடம் முழுசாக இல்லை. 2004 ஜூலையில் ஜார்ஜ் புஷ் கையெழுத்துப் போட்ட கூட்டாட்சிச் சட்டம் ஒன்று இருக்கிறது, போலீஸ்காரர்கள் 'லியோசா' என்பார்கள். தகுதியுள்ள போலீஸ் யாராக இருந்தாலும், எந்த மாநிலத்துக்காரராக இருந்தாலும், 50 மாநிலங்களிலும் மறைத்து எடுத்துப் போகலாம். தனியார் இடம், அரசுக் கட்டிடம், அரசுப் பூங்கா தவிர வேறு எங்கும் மாநிலச் சட்டம் குறுக்கே நிற்க முடியாது. பத்து வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களுக்கும் உண்டு, வருடா வருடம் சுட்டுக் காட்டித் தேற வேண்டும். 2010க்கு முன்னால் பதினைந்து வருடம் கேட்டார்கள்.

எங்கள் மாநிலம் இதை எதிர்த்து முட்டிப் பார்த்தது. ஓய்வு பெற்றவர்கள் மாநில பர்மிட் வாங்கியே தீர வேண்டும், ஹாலோ பாயின்ட் (உடம்பில் பட்டதும் விரியும்) தோட்டா கூடாது என்று பிடிவாதம். 2024ல் கூட்டாட்சியின் மூன்றாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் நியூ ஜெர்சிக்கு எதிராகத் தீர்ப்புச் சொல்லிவிட்டது. மாநில அரசாங்கமே தோற்ற இடத்தில் ஒரு கவுண்டி ஷெரிஃப் என்ன செய்துவிட முடியும்?

சுகர்லேண்ட்மாப்ளே:
எடிசன் அண்ணன் சொன்னது சரி. எங்கள் டெக்ஸாஸ் இன்னும் ஒரு படி மேலே. லியோசா தனியார் இடத்துக்காரர் 'இங்கே கூடாது' என்று சொல்லும் உரிமையைத் தொடவில்லை. டெக்ஸாஸ் 2017ல் அதையும் எடுத்துவிட்டது. பொதுமக்கள் வந்து போகிற கடையோ ஹோட்டலோ எதுவானாலும், ட்யூட்டியில் இல்லை என்ற காரணத்துக்காக ஒரு போலீஸ் அதிகாரியைத் துப்பாக்கியோடு உள்ளே விட மறுத்தால் 1,000 டாலர் அபராதம்.

என் வாக்கு முதல் வேட்பாளருக்குத்தான். ஏன் என்று கேட்டால் 2007 பிப்ரவரி, சால்ட் லேக் சிட்டி, டிராலி ஸ்கொயர் மால். ஒருவன் ஷாட்கன்னோடு நுழைந்து ஐந்து பேரைக் கொன்றான். பக்கத்து ஊரான ஆக்டனைச் சேர்ந்த போலீஸ் ஒருவர் அன்று ட்யூட்டி இல்லாமல், கர்ப்பிணி மனைவியோடு அங்கே சாப்பிட வந்திருந்தார். கையில் துப்பாக்கி இருந்ததால் அவனோடு மோதி, மற்ற போலீஸ் வருகிற வரை நகரவிடாமல் பிடித்து வைத்தார். மனைவி 911ல் (அவசர அழைப்பு மையம்) வேலை பார்ப்பவர், அங்கிருந்தே போனில் தகவல் சொன்னார். அந்த மாலில் ஆயுதம் கூடாது என்று போர்டு இருந்ததாம். போர்டை மதித்துத் துப்பாக்கியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தால் இன்னும் எத்தனை பேர் போயிருப்பார்கள்?

கூப்பர்டினோகாரி:
மாப்ளே, உங்கள் டிராலி ஸ்கொயருக்குப் பதிலாக நான் கொரோனாவைச் சொல்கிறேன். வைரஸ் இல்லை, ரிவர்சைட் கவுண்டியில் உள்ள ஊர். 2019 ஜூன், காஸ்ட்கோ கடை. லாஸ் ஏஞ்சலஸ் போலீஸ்காரர் ஒருவர் ட்யூட்டி இல்லாத நேரத்தில் குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். மனவளர்ச்சிக் குறைபாடு உள்ள ஒரு இளைஞர் அவரை அடித்தார். அந்த இளைஞரைச் சுட்டுக் கொன்று, கூட இருந்த அப்பா அம்மா இரண்டு பேரையும் படுகாயப்படுத்தினார் அந்தப் போலீஸ். வெறுங்கையோடு வந்திருந்தால் ஒரு தள்ளுமுள்ளு, அதிகம் போனால் ஒரு தையல். உள்ளூர் கிராண்ட் ஜூரி (வழக்குப் போடலாமா என்று முடிவு செய்யும் பொதுமக்கள் குழு) குற்றம் சாட்ட மறுத்தது. 2021ல் மாநில அட்டர்னி ஜெனரல் வந்துதான் வழக்கே போட்டார்.

இன்னொன்று, துப்பாக்கி எப்போதும் இடுப்பிலேயே இருப்பதில்லை, காரிலும் கிடக்கும். 2015ல் சான் ஃபிரான்சிஸ்கோ படகுத்துறையில் அப்பாவோடு நடந்துகொண்டிருந்த கேட் ஸ்டைன்லி செத்தது நினைவிருக்கிறதா? சுட்டவன் சட்டவிரோதமாகக் குடியேறியவன் என்று நாடே அதைப் பற்றித்தான் பேசியது. அந்தத் துப்பாக்கி யாருடையது என்று கேட்டவர்கள் குறைவு. கூட்டாட்சி நில நிர்வாகத் துறையின் ரேஞ்சர் ஒருவர் குடும்பத்தோடு ஊர் வழியாகப் போனபோது நிறுத்தியிருந்த காரில் இருந்து திருடு போனது அது. அடுத்த வருடம்தான் கலிபோர்னியாவில் போலீஸும் காரில் வைத்தால் பூட்டித்தான் வைக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. அதுவரை பொதுமக்களுக்கு இருந்த விதியில் அவர்களுக்கு விலக்கு!

சுகர்லேண்ட்மாப்ளே:
அக்கா, காஸ்ட்கோ சம்பவம் கொடுமைதான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு ஆள் செய்த தப்புக்கு எல்லாருடைய பாதுகாப்பையும் பறிக்கலாமா?

இரவுஷிஃப்ட்:
கவுண்டி சிறையில் நர்ஸாக வேலை. டெபுடிகள் சாப்பிடுகிற இடத்தில்தான் நானும் சாப்பிடுகிறேன். அவர்கள் பக்கத்தை யாரும் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன்.

மால் துப்பாக்கிச்சூட்டை நினைத்து அவர்கள் எடுத்துப் போவதில்லை. உள்ளே ஆறு மாதம் இருந்தவன் வெளியே வந்து அதே வால்மார்ட்டில் வண்டி தள்ளிக்கொண்டு வருவான். சிறிய கவுண்டியில் வேறு கடை கிடையாது. "ஏய், உன் பிள்ளைகளா இவர்கள்?" என்று அவன் சும்மா கேட்டால்கூட வயிற்றைக் கலக்கும். நகரப் போலீஸ் பக்கத்து ஊரில் போய்க் குடியிருக்கலாம், சிறை டெபுடிக்கு அந்த வசதி குறைவு. இதைக் கேட்ட பிறகு 'வீட்டில் வைத்துவிட்டு வா' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அதே நேரம் "துப்பாக்கி இல்லாமல் வெளியே வராதே" என்று உத்தரவு போடுவதும் பைத்தியக்காரத்தனம். ஞாயிற்றுக்கிழமை மைத்துனன் வீட்டில் பார்பெக்யூ, இரண்டு பியர். உத்தரவை மதிப்பதா, பியரை விடுவதா? வட கரோலினாச் சட்டத்தில் இது தெளிவாகவே இருக்கிறது. ட்யூட்டி இல்லாத போலீஸ் மறைத்து எடுத்துப் போகலாம், ஆனால் குடிக்கும்போதும், குடித்தது உடம்பில் இருக்கும்வரையும் கூடாது. முதல் வேட்பாளர் தன் டெபுடிகள் எல்லாரையும் மதுவிலக்குக்குக் கொண்டுவரப் போகிறாரா?

அப்புறம், எல்லாரும் விட்டுவிடுகிற ஒரு ஆபத்து. மஃப்டியில் துப்பாக்கியை உருவினால் வருகிற போலீஸுக்கு நீங்களும் துப்பாக்கியோடு நிற்கும் ஒரு ஆள்தான். 2009 மே, நியூயார்க், கிழக்கு ஹார்லம். ஒமர் எட்வர்ட்ஸ், 25 வயது, நியூயார்க் போலீஸ். ட்யூட்டி முடித்து வந்தபோது தன் காரை உடைத்தவனைத் துப்பாக்கியோடு துரத்தினார். மஃப்டியில் ரோந்து வந்த சக போலீஸ் சுட்டதில் செத்தார். 2000ல் பிராவிடன்ஸில் கார்னல் யங் கதையும் இதேதான். ட்யூட்டி இல்லாத நேரத்தில் உதவிக்குப் போனார், தன் துறைக்காரர்களே சுட்டார்கள். அவர் அப்பாவும் அதே துறையில் உயர் அதிகாரி. நியூயார்க் மாநிலம் குழு போட்டு ஆராய்ந்து 2010ல் அறிக்கை கொடுத்தது. சுமார் முப்பது வருடத்தில் இப்படி ஆள் மாறிப்போய்ச் சக போலீஸால் செத்தவர்கள் 26 பேர். ட்யூட்டி இல்லாத நேரத்தில் செத்தவர்களில் ஏறக்குறைய எல்லாருமே கறுப்பர் அல்லது லத்தீனோ. எங்கள் சிறையில் ஒரு கறுப்பின டெபுடி சொன்னார்: "வெளியே துப்பாக்கி வைத்திருப்பேன், என் உயிருக்கு நேராக வந்தால் தவிர எடுக்க மாட்டேன். போன் போட்டுவிட்டு நல்ல சாட்சியாக நிற்பேன்." இதைப் பயிற்சியில் சொல்லிக்கொடுக்க வேண்டியது ஷெரிஃப்.

சங்கத்துவேலை:
ஒரு சின்ன விளக்கம். 'ஆஃப் ட்யூட்டி' என்று இங்கே இரண்டு விஷயம் கலந்து ஓடுகிறது. எங்கள் கோயில் கும்பாபிஷேகத்துக்கும் சங்கத்துப் பொங்கல் விழாவுக்கும் டெபுடிகளை மணிக்கணக்கில் சம்பளம் கொடுத்துக் கூப்பிடுகிறோம். அவர்களும் ஆஃப் ட்யூட்டிதான். ஆனால் சீருடை, பேட்ஜ், ரேடியோ, வண்டி எல்லாம் உண்டு, ஷெரிஃப் அலுவலகத்தின் அனுமதியோடுதான் வருவார்கள். அவர்களிடம் துப்பாக்கி இருப்பது பற்றி யாரும் கேட்டதில்லை, இல்லை என்றால்தான் கேட்பார்கள். பிரச்சினை, தோசை வரிசையில் ஜிப்பாவோடு நிற்கிற டெபுடி. அவர் யாருடைய மாப்பிள்ளை என்றுதான் எங்களுக்குத் தெரியும்.

உறையூர்வாசி:
ஜிப்பாவுக்குள் துப்பாக்கியா! இங்கே கான்ஸ்டபிள் கையில் லத்திதான் பார்த்திருக்கிறோம். சரி, ஒரு சந்தேகம். ஷெரிஃபுக்கு இதில் அதிகாரமே இல்லை என்கிறார் எடிசன் தம்பி, பயிற்சி அவர் கையில் என்கிறார் நர்ஸ் அம்மா. எது சரி?

வர்ஜீனியாபக்கம்:
இரண்டும் சரி. லியோசா கேட்கிற நிபந்தனைகளைப் பாருங்கள். துப்பாக்கி வைத்திருக்க அவருடைய அலுவலகம் அனுமதி கொடுத்திருக்க வேண்டும். அந்த அலுவலகம் கொடுத்த புகைப்பட அடையாள அட்டை கையில் இருக்க வேண்டும். அலுவலகம் வைக்கும் சுடும் தேர்வில் தேற வேண்டும். பதவி பறிபோகிற அளவுக்கு ஒழுங்கு நடவடிக்கை நடந்துகொண்டிருந்தால் சட்டம் அவரைக் காப்பாற்றாது. சட்டம் வாஷிங்டனில் எழுதியது, ஆனால் சாவி ஷெரிஃபின் மேஜையில்.

அந்தச் சாவியை ஒருவர் விற்றார். எங்கள் பக்கத்துக் கல்பெப்பர் கவுண்டி. ஷெரிஃப் ஸ்காட் ஜென்கின்ஸ், 2011ல் முதலில் ஜெயித்தவர். பணக்காரர்கள் சிலருக்குப் பயிற்சியும் இல்லாமல் வேலையும் இல்லாமல் துணை டெபுடி பேட்ஜ் கொடுத்தார். வாங்கிய லஞ்சம் 75,000 டாலருக்கு மேல், கொஞ்சம் ரொக்கம், கொஞ்சம் தேர்தல் நன்கொடை. வாங்கியவர்களுக்கு என்ன லாபம்? பர்மிட் இல்லாமலே எல்லா மாநிலத்திலும் துப்பாக்கி எடுத்துப் போகலாம் என்ற ஆசைதான். வாங்க வந்தவர்களில் எஃப்.பி.ஐ.யின் ரகசிய ஆட்களும் இருந்தார்கள். 2023 தேர்தலில் தோற்றார், 2024 டிசம்பரில் குற்றவாளி என்று தீர்ப்பு, 2025 மார்ச்சில் பத்து வருடத் தண்டனை. மே மாதக் கடைசியில், சிறைக்குப் போகும் முன்பே டிரம்ப் மன்னிப்புக் கொடுத்துவிட்டார்.

நியூ மெக்ஸிகோவில் லேக் ஆர்தர் என்று ஒரு குக்கிராமம், சில நூறு பேர்தான். அந்த ஊர்ப் போலீஸில் தன்னார்வ ரிசர்வ் அதிகாரியாகப் பேட்ஜ் வைத்திருந்தவர் ராபர்ட் மெர்சர், ஹெட்ஜ் ஃபண்ட் கோடீஸ்வரர். எதற்கு என்று நீங்களே யூகித்துக்கொள்ளுங்கள்.

கூப்பர்டினோகாரி:
இதைப் படித்ததும் சான்டா கிளாரா கதை எழுதாமல் இருக்க முடியவில்லை. கூப்பர்டினோவுக்குத் தனிப் போலீஸ் கிடையாது, கவுண்டி ஷெரிஃபுக்குப் பணம் கட்டித்தான் ரோந்து. எங்கள் ஷெரிஃப் லாரி ஸ்மித், 1998ல் ஜெயித்தவர், கலிபோர்னியாவில் தேர்தலில் வென்ற முதல் பெண் ஷெரிஃப். மறைத்து எடுத்துப் போகும் பர்மிட்டைச் சாதாரண ஆளுக்குக் கொடுக்காமல் இழுத்தடித்து, தேர்தலுக்கு உதவியவர்களுக்கும் வேண்டியவர்களுக்கும் கொடுத்தார் என்று வழக்கு. 2022 நவம்பரில் ஜூரி ஆறு குற்றச்சாட்டுகளையும் உறுதி செய்தது. தீர்ப்புக்கு முன்னாலேயே ராஜினாமா செய்துவிட்டார். அதே வருடம் ஜூனில் உச்ச நீதிமன்றம் புரூயன் வழக்கில் இந்த 'எனக்குப் பிடித்தால் கொடுப்பேன்' முறையையே செல்லாது என்றது, அது வேறு விஷயம்.

ஆக, துப்பாக்கி வேண்டுமா வேண்டாமா என்று மாப்ளேயும் நானும் விடிய விடிய சண்டை போடலாம். இருபத்து நான்கு வருடம் அந்தப் பெண்ணுக்கு ஓட்டுப் போட்ட ஊர் எங்களுடையது. பர்மிட் யாருக்குக் கொடுக்கிறீர்கள் என்று யாரும் மேடையில் கேட்கவில்லை.

எடிசன்வாசி:
நியாயம். என் முந்தைய பதிவில் மாநிலத்தைப் பற்றிச் சொன்னது மாநிலத்துக்குத்தான். துப்பாக்கியை மறைத்து எடுத்துப் போனதற்காக டெபுடியைக் கைது செய்ய மாநிலத்தால் முடியாது. ஆனால் முதலாளி என்ற முறையில் ஷெரிஃப் விதி போடலாம், மீறினால் வேலையை விட்டு அனுப்பலாம்.

பைன்மரத்தடி:
வேலையை விட்டு அனுப்புவது பற்றிக் கேட்டால் எங்கள் மாநிலம் இன்னும் சுவாரசியம். இங்கே டெபுடி, ஷெரிஃப் விரும்புகிறவரைதான் டெபுடி. பன்கம் கவுண்டியில் பாபி மெட்ஃபோர்ட் என்று ஒரு ஷெரிஃப், தேர்தலில் தனக்கு ஆதரவு தராத டெபுடிகளை வெளியே அனுப்பினார். 1997ல் நான்காவது வட்ட நீதிமன்றம், அரசியல் விசுவாசம் இல்லை என்று டெபுடியை நீக்கலாம் என்றே சொல்லிவிட்டது. (அதே மெட்ஃபோர்ட் பிற்பாடு வீடியோ போக்கர் சூதாட்ட ஆட்களிடம் பணம் பிடுங்கிய வழக்கில் 2008ல் குற்றவாளி ஆனார்.) ஷெரிஃபாக நிற்கப் போலீஸ் அனுபவம் வேண்டும் என்ற கட்டாயம் இங்கே இல்லை. பெரிய குற்றத்தில் தண்டனை பெற்றவர் நிற்கக் கூடாது என்பதே 2010ல் அரசியல் சாசனத் திருத்தம் போட்டுத்தான் வந்தது.

இதை எல்லாம் படித்தபின் மூன்று வேட்பாளர்களுக்கும் ஒரே மின்னஞ்சல் எழுதினேன். துப்பாக்கி ஆதரவா எதிர்ப்பா என்று கேட்கவில்லை. சம்பளம் வாங்காத ரிசர்வ், துணை டெபுடி, கௌரவப் பேட்ஜ் உங்கள் ஆட்சியில் உண்டா, உண்டென்றால் அவர்களுக்கு என்ன பயிற்சி, பட்டியலை வெளியிடுவீர்களா? மஃப்டியில் இருக்கும் டெபுடி எப்போது தலையிடலாம், எப்போது 911 மட்டும், இது எழுத்தில் இருக்கிறதா? காரில் துப்பாக்கி வைப்பதற்கு விதி என்ன? குடித்திருந்தது தெரிந்தால் என்ன நடவடிக்கை?

சுயேச்சைக்காரர் ஒரு மணி நேரத்தில் போனிலேயே கூப்பிட்டார். பேட்ஜ் பட்டியலை வெளியிடுவதாகச் சொன்னார், மற்றதற்கு இன்னும் யோசிக்க வேண்டும் என்றார். '24 மணி நேர' ஆள் அனுப்பியது நன்கொடைப் படிவம்.

சுகர்லேண்ட்மாப்ளே:
ஹாஹா. சரி, பட்டியல் விஷயத்தில் நானும் உங்கள் கட்சி. காசுக்குப் பேட்ஜ் வாங்கியவன் என் பக்கத்தில் நிற்பது எனக்கும் பயம்தான். ஆனால் பயிற்சி எடுத்த டெபுடி எங்கே போனாலும் எடுத்துப் போகட்டும் என்பதில் மாற்றம் இல்லை. எங்கள் ஃபோர்ட் பெண்ட் கவுண்டியில் 1869லேயே வால்டர் பர்ட்டன் என்ற முன்னாள் அடிமையை ஷெரிஃப் ஆக்கினார்கள். அடுத்த கறுப்பின ஷெரிஃபுக்கு 2020 வரை காத்திருந்தோம். எரிக் ஃபேகன் ஜெயித்த அந்தத் தேர்தலில்கூட எங்கள் தெருவில் பாதிப் பேர் ஜனாதிபதிக்கு மட்டும் குத்திவிட்டு வந்துவிட்டார்கள்.

இரவுஷிஃப்ட்:
பைன்மரத்தடி, இரண்டாமவர் பதில் போட்டாரா? 'அவரவர் விருப்பம்' ஆள்?

பைன்மரத்தடி:
இன்று காலை வந்தது. மூன்று பக்கம்! அவர் இப்போது அதே அலுவலகத்தில் லெப்டினன்ட். காரில் பூட்டுப்பெட்டி கட்டாயம் என்கிறார், பெட்டியை அலுவலகமே வாங்கித் தர வேண்டும் என்கிறார். மஃப்டியில் உயிர் ஆபத்து தவிர வேறு எதற்கும் தலையிடக் கூடாது என்று ஏற்கனவே விதி இருக்கிறதாம், வருடத்துக்கு ஒரு முறைகூடப் பயிற்சியில் சொல்வதில்லை என்பதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார். துணை டெபுடி பட்டியல் பற்றி மட்டும் ஒரு வரிகூட இல்லை. மறுபடி கேட்டிருக்கிறேன்.

சங்கத்துவேலை:
பதில் வந்தால் இங்கே போடுங்கள். வட கரோலினா நண்பர்கள் கவனத்துக்கு: முன்கூட்டியே ஓட்டுப் போடுவது அக்டோபர் 15ல் தொடங்குகிறது, புகைப்பட அடையாள அட்டை வேண்டும். கட்சிச் சின்னத்துக்கு ஒரே குத்தில் போடுகிற வசதி இந்த மாநிலத்தில் இல்லை. ஷெரிஃப் பெயர் சீட்டில் கீழே இருக்கும், பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்.